கடைக்கண் நோக்கும் முள்ளந்தண்டும்

உடலுறுப்புக்களுள் கண்ணைப் பற்றித் தமிழர் பேசிய அளவுக்கு வேறொன்றைப் பற்றிப் பேசியிருப்பார்களோ என்பது ஐயம். அதிலும் கடைக்கண்ணுக்கு நம் மொழியிலே தனிச் சிறப்பு உண்டு. அருளை வேண்டுபவன் கடைக்கண் பார்வையை வேண்டுகின்றான். காதலர் கடைக்கண்ணாற் பேசிக்கொள்ளுகின்றனர். பின் வாங்கிலிருந்து குறும்பு செய்யும் மாணவனை ஆசிரியர் கடைக்கண்ணாலேயே அடக்கிவிடுகின்றார். முகத்தைத் திருப்பாமல், கழுத்தை அசைக்காமல், கண்மணியை மாத்திரம் பக்கத்துக்கு ஓட்டி நோக்குவது நமக்கு மூச்சு விடுவதுபோல இயல்பாகிவிட்டது. ஆகையால் அதனை ஒரு செல்வமென்று நாம் எண்ணுவதில்லை.

அச் செல்வம் இல்லாமலே பிறக்கும் பிள்ளைகள் சிலர் உளர். அவர்களுடைய கண்கள் தெளிவாக இருக்கும். மேலே பார் என்றால் மேலே பார்ப்பர். கீழே பார் என்றால் கீழே பார்ப்பர். பக்கத்திலே பார் என்றால் மாத்திரம் கண்கள் நடுவிலேயே நின்றுவிடும். அருகில் இருப்பவரைப் பார்க்கவேண்டுமாயின் தலையையே திருப்பவேண்டும். இப் பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற இன்னொரு துன்பமும் வந்து சேருகின்றது. பனைபோல் நிமிர்ந்து நிற்கவேண்டிய முள்ளந்தண்டு ஒரு பக்கமாக வளையத் தொடங்கும். அவ் வளைவு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும்.

கண்ணுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்? கண் வைத்தியர் கண்ணைப் பார்த்தார். எலும்பு வைத்தியர் முதுகைப் பார்த்தார். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து புறப்பட்ட இரண்டு துன்பங்கள் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது மூளையின் படமே. அந்தப் படம் சொல்லும் கதையை இந்த வாரம் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நோய் மிக அரியது. அரிய நோயைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலே எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் இரண்டு. அரிதானாலும், அப் பிள்ளை பிறந்த வீட்டுக்கு அது அரிதன்று. அதுவே அந்த வீட்டின் முழுக்கவலை. மற்றையது, நம் ஒவ்வொருவருடைய மூளையும் எவ்வாறு அமைந்தது என்பதை, அமையாமற் போன இந்தச் சிலரே நமக்குக் கற்பித்தார்கள்.

கோயம்புத்தூர்ச் சகோதரியர்

1974ஆம் ஆண்டிலே கிரேக்க நாட்டு வைத்தியர் இருவர், இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி எழுதினர். அப் பிள்ளைகளுக்கு முதுகும் வளைந்திருந்தது. மூளை சம்பந்தமான குறையும் இருந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் எலும்பு வைத்தியச் சஞ்சிகை ஒன்றும், கண்ணசைவுக் குறையும் முதுகு வளைவும் சேர்ந்திருந்த உடன்பிறப்புக்கள் நால்வரைப் பற்றிய செய்தியை வெளியிட்டது. மூளையின் உள்ளே பார்க்கத் தக்க கருவி அக்காலத்திலே கைக்கெட்டாமையால் நோயின் வேர் எங்கேயென்று எவராலும் காட்ட முடியவில்லை.

நமக்கு அண்மையிலுள்ள நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகின்றேன். மதுரையிலே 1976ஆம் ஆண்டில், வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி அவர்கள் பதினொரு கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இலர். மூட்டுவாதத்தாற் கைவிரல்கள் கோணிப்போன நிலையிலும், அவ் விரல்களாலேயே கத்தி பிடித்துப் பல்லாயிரவருக்குக் கண் கொடுத்த பெரியார் அவர். அம் மருத்துவமனையின் கோயம்புத்தூர்க் கிளை வைத்தியர்கள் 2011ஆம் ஆண்டிலே இந்தியக் கண் வைத்தியச் சஞ்சிகையில் இரண்டு சகோதரியரைப் பற்றி எழுதினார்கள். அவ்விருவரும் பக்கத்தே பார்க்க முயன்றால் கண்கள் பக்கத்துக்குச் செல்வதற்குப் பதிலாக, இரண்டும் சேர்ந்து மூக்கை நோக்கி உள்ளே திரும்பின. இருவருக்கும் முதுகு கூனிப் பக்கவாட்டிலும் வளைந்திருந்தது.

வைத்தியர்கள் கண்ணோடு நின்றுவிடவில்லை. இருவருடைய மூளையையும் முள்ளந்தண்டையும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எனப்படும் காந்தப் படத்தில் எடுத்துப் பார்த்தார்கள். இருவருடைய மூளைத்தண்டிலும் ஒரே வகையான பிளவு காணப்பட்டது. ஒரே வயிற்றிற் பிறந்த இருவருக்குள்ளும் அதன் அளவு வேறுபட்டிருந்தது. இளையவளிடத்தில் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. கண் வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகளின் முதுகுத் துன்பத்துக்கும் விளக்கம் மூளையிலே கிடைத்தது.

கண்கள் ஒருங்கே திரும்புவது எவ்வாறு?

வலப்பக்கத்தே பார்க்கும்போது இரண்டு கண்களும் ஒன்றாகவே வலப்பக்கம் திரும்புகின்றன. இதில் ஓர் அதிசயம் உண்டு. வலக்கண்ணைத் திருப்புவது காதுப்பக்கத்துத் தசை. இடக்கண்ணைத் திருப்புவது மூக்குப்பக்கத்துத் தசை. இரண்டு தசைகளும் வேறு. அவற்றுக்கு வரும் நரம்புகளும் வேறு. ஆயினும் ஒரு கணமும் பிந்தாமல் இரண்டும் ஒருமித்து இழுக்கின்றன. சோடி மாடுகள் ஒரே நுகத்தில் நடப்பதுபோல என்று சொல்லலாம்.

அந்த நுகம் இருக்குமிடம் மூளைத்தண்டு. பெருமூளைக்கும் முண்ணாணுக்கும் இடையிலே, பெருவிரற் பருமனான ஒரு பகுதி அது. அதன் நடுப்பகுதியைப் பாலம் என்பர். அதற்குக் கீழ்ப்பகுதியை முகுளம் என்பர். எங்கள் பாடநூல்களிலே நீள்வளைய மையவிழையம் என்று மாணவர் மனனம் செய்வது இந்த முகுளத்தையே. பாலத்தின் பின்புறத்திலே ஆறாம் மூளை நரம்பின் கரு ஒன்று வலத்திலும் ஒன்று இடத்திலுமாக இருக்கின்றது. வலக் கருவிலிருந்து புறப்படும் நரம்பு வலக்கண்ணின் வெளித் தசைக்கு நேரே போகின்றது. அதே கருவிலிருந்து இன்னொரு கூட்டம் நரம்பிழைகள் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் சென்று, இடக்கண்ணின் உள் தசையை இயக்கும் கருவுக்குச் செய்தி கொண்டுபோகின்றன. ஒரு கட்டளை இரண்டு வழியாய்ப் போவதனாலேயே இரண்டு கண்களும் ஒருங்கே திரும்புகின்றன.

நாம் பேசும் நோயிலே பழுதுபட்டிருப்பது இந்த ஏற்பாடு. மேலும் கீழும் பார்ப்பதற்கு உரிய நிலையம் பாலத்துக்கு மேலே, நடுமூளையில் இருப்பதனால் அது தப்பிவிடுகின்றது. அண்மையிலுள்ள பொருளைப் பார்க்க இரண்டு கண்களும் உள்நோக்கிக் குவிவதும் வேறு வழியால் நடப்பது; அதுவும் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். இருக்கும் அவ் வழியைக்கொண்டே கோயம்புத்தூர்ச் சகோதரியரின் கண்கள் பக்கத்துக்குப் போக முயன்று மூக்கை நோக்கித் திரும்பின போலும்.

நரம்புகளின் கடவை

இங்கே நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். தலையின் ஒரு பக்கத்திலே காயம் பட்டால் உடம்பின் மறுபக்கத்திலே வலிப்பு உண்டாகின்றது என்பதைப் பழைய கிரேக்க வைத்தியர் கண்டிருந்தார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது. 1709ஆம் ஆண்டில் இத்தாலியரான மிஸ்திகெல்லி என்பவரும், அடுத்த ஆண்டில் பிரெஞ்சுக்காரரான பெத்தி என்பவரும், முகுளத்திலே நரம்புக் கற்றைகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து பக்கம் மாறுகின்றன என்று எடுத்துக்காட்டினர். இடப்பக்க மூளையிலிருந்து இறங்கும் கட்டளை முகுளத்திலே பக்கம் மாறி வலக்கையை இயக்குகின்றது. வலக்காலில் முள் குத்தினால் அச் செய்தி மேலேறும் வழியிலே பக்கம் மாறி இடப்பக்க மூளைக்குப் போய்ச் சேருகின்றது. புகையிரதப் பாதையைத் தெரு குறுக்கே கடக்குமிடத்தை நாம் கடவை என்போம். முகுளம் நரம்புகளின் கடவை.

இந்த உண்மையை நம் வீடுகளிலும் பலர் அனுபவத்தால் அறிவர். பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்தவருக்கு இடப்பக்க மூளையிலே அடைப்பு என்று வைத்தியர் சொல்லுவதைக் கேட்டிருக்கின்றோம். முந்நூறு ஆண்டுகளாக வைத்தியக் கல்வியின் அத்திவாரமாக இருந்துவருவது இந்தப் பாடம்.

உடலின் உள்ளமைப்பைத் தமிழிலே எழுதிப் படிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயிலே வைத்தியசாலை அமைத்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், நம்மவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். 1872இல் வெளிவந்த அவருடைய மனுஷ அங்காதிபாதம் என்னும் நூலை இன்று புரட்டினாலும், மயிரிழை போன்ற நரம்புக்கும் தமிழிலே பெயரிட அக்காலத்தவர் பட்ட பாடு தெரியும். கத்தியால் அறுத்துப் பார்த்தே மூளையின் அமைப்பைச் சொல்லவேண்டியிருந்த காலம் அது. உயிரோடிருப்பவரின் மூளை எவருக்கும் திறவாத பெட்டி.

படத்திலே கண்டது என்ன?

1895இல் றொன்ட்கன் கண்ட எக்ஸ்றே கதிர் எலும்பைக் காட்டிற்று. எலும்புக்குள்ளே இருக்கும் மென்மையான மூளையைக் காட்டவில்லை. 1971ஆம் ஆண்டில் ஹவுன்ஸ்பீல்ட் என்பவரின் முயற்சியால், எக்ஸ்றே கதிரையே சுற்றிச் சுற்றிப் பாய்ச்சி மூளையைக் குறுக்கே வெட்டினாற்போலக் காட்டும் சி.ரி. ஸ்கான் வந்தது. 1973இல் லோட்டர்பர் என்னும் அமெரிக்கர் காந்தத்தைக் கொண்டு படமெடுக்கும் வழியை வெளியிட்டார். ஆங்கிலேயரான மான்ஸ்பீல்ட் அதனைச் செம்மைப்படுத்தினார். இருவருக்கும் 2003ஆம் ஆண்டில் நொபெல் பரிசு கிடைத்தது.

எம்.ஆர்.ஐ. கருவியிலே எக்ஸ்றே கதிர் இல்லை. நம் உடம்பிலே நீர் மிகுதி. நீரிலே ஐதரசன் உண்டு. வலிய காந்தத்தின் நடுவே கிடக்கும் உடம்பின் ஐதரசன் கருக்கள் வானொலி அலைகளுக்கு மறுமொழி கொடுக்கின்றன. அம் மறுமொழிகளைக் கணித்து, உள்ளே எங்கே எது இருக்கின்றது என்று கருவி வரைந்துவிடுகின்றது. மென்மையான மூளைத்தண்டை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் கருவி அதற்கு முன் இருந்ததில்லை.

இந் நோயுற்றோரின் படங்களிலே மூன்று அடையாளங்கள் கண்டறியப்பட்டன. ஒன்று, பாலத்தின் பின்புறத்திலே நடுக்கோட்டில் ஆழமான ஒரு பிளவு. நடுக்கோட்டைக் குறுக்கே கடக்கவேண்டிய இழைகள் இல்லாமையால் அவ்விடம் நிரம்பாது கிடக்கின்றது. இரண்டு, முகுளத்தைக் குறுக்கே வெட்டிய தோற்றம் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல இருக்கின்றது. உருண்டு திரண்டிருக்கவேண்டிய முகுளம் நடுவிலே ஒடுங்கிப் பக்கங்களிலே விரிந்தமையால் உண்டான உருவம் இது. மூன்று, பாலத்தின் பின்புறத்திலே இயல்பாகக் காணப்படும் இரண்டு சிறு மேடுகள் இங்கே இல்லை. ஆறாம் நரம்பின் கருவை முகநரம்பின் இழைகள் வளைந்து சுற்றிச் செல்வதனால் உண்டாகும் மேடு அது. மேடு இல்லையெனின் அதன் கீழே இருக்கவேண்டிய கருவும் செம்மையாக அமையவில்லை என்பது பெறப்படும். கண்கள் பக்கத்தே திரும்பாமைக்கு இவ்வாறு கண்கண்ட சான்று கிடைத்தது.

இவை மூன்றும் உருவத்தின் குறைகள். நரம்பின் பாதையை உருவத்தைக்கொண்டு உய்த்துணரலாமேயன்றி நேரே காண முடியாது. அதற்கும் ஒரு வழி பிறந்தது. தோட்டத்திலே பாத்திக்கு நீர் பாயும்போது நீர் வாய்க்கால் வழியே எளிதாக ஓடும். வரம்பைத் தாண்டிக் குறுக்கே போகாது. அதுபோல நரம்பிழையிலுள்ள நீர் மூலக்கூறுகளும் இழையின் வழியே எளிதாகவும், குறுக்கே அரிதாகவும் அசைகின்றன. அசைவின் திசையை எம்.ஆர்.ஐ. கருவியாலேயே அளந்தறிந்து, எந்தக் கற்றை எங்கே போகின்றது என்று நிறம் தீட்டிக் காட்டும் முறை 1990களிலே உருவாயிற்று. 2006ஆம் ஆண்டில் அம் முறையாலே இந் நோயுற்றோரின் மூளைத்தண்டை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பக்கம் மாறவேண்டிய கற்றைகள் பக்கம் மாறவில்லை. இடப்பக்க மூளையின் கட்டளை இடப்பக்கத்திலேயே இறங்கிற்று. வலப்பக்கத்தினது வலப்பக்கத்திலேயே இறங்கிற்று. மேலேறும் உணர்ச்சி நரம்புகளும் அவ்வாறே. கடவை இருக்கவேண்டிய இடத்திலே கடவை இல்லை.

பழ ஈயிற் கிடைத்த விடை

ஏன் கடக்கவில்லை? விடை வந்த இடம் வியப்புக்குரியது. கனிந்த பழத்தைச் சுற்றும் சின்னஞ்சிறு ஈக்களை வைத்துக் கலிபோர்ணியாவிலே சில விஞ்ஞானிகள், நரம்புகள் நடுக்கோட்டைக் கடப்பதைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தனர். 1993இல் அவர்கள் ஒருவகைப் பழுதுற்ற ஈயைக் கண்டார்கள். ஒருமுறை கடந்து அப்பாற் போகவேண்டிய நரம்பு, அதிலே திரும்பத் திரும்பக் கடந்து வட்டமிட்டது. தெருச் சந்தியின் சுற்றுவட்டத்தில் வழிதெரியாது சுற்றும் வாகனத்தைப் போல இருந்தமையால், சுற்றுவட்டத்துக்குரிய ஆங்கிலச் சொல்லையே அப் பரம்பரையலகுக்குப் பெயராக இட்டு, அதனைச் சுருக்கி றோபோ என்றனர்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த பரம்பரையலகுகள் மனிதரிடத்தும் உண்டு. அவற்றுள் மூன்றாவது, பதினோராம் நிறமூர்த்தத்தில் இருக்கின்றது. மூளையின் பின்பகுதியிலே வளரும் நரம்பிழை நடுக்கோட்டைத் துணிந்து கடப்பதற்கு அது வேண்டும். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோவன்னா ஜென் என்பாரும் பல நாட்டு வைத்தியர்களும் சேர்ந்து, பக்கத்தே பார்க்கமாட்டாது முதுகு வளைந்தோரிடத்தில் இந்த மூன்றாம் றோபோவே பழுதுபட்டிருக்கின்றது என்று சயன்ஸ் சஞ்சிகையில் வெளியிட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் கிரேக்க வைத்தியர் தொடங்கிய கேள்விக்குப் பழ ஈ மறுமொழி கொடுத்தது.

முதுகு ஏன் வளைகின்றது என்பதற்கு இத்துணைத் தெளிவான விளக்கம் இன்னும் எட்டவில்லை. முள்ளந்தண்டின் எலும்புகள் பிறவியிற் பெரும்பாலும் செம்மையாகவே இருக்கின்றன. அவற்றை இருபுறமும் பிடித்து நிறுத்தும் தசைகளுக்கு மூளைத்தண்டிலிருந்து வரும் கட்டளை சமன் கெடுவதனால் வளைவு உண்டாகின்றது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

வழி மாறினும் வாழ்வு நடக்கின்றது

இவ்வளவும் படித்த நேயர்கள், இவர்கள் நடக்கவும் எழுதவும் இயலாதவர்களாய் இருப்பார்கள் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. நடக்கின்றார்கள், எழுதுகின்றார்கள், படிக்கின்றார்கள். அறிவிலே பெரும்பாலோர்க்குக் குறையில்லை. வலக்கையை வலப்பக்க மூளை இயக்கினாலும் கை தன் வேலையைச் செய்கின்றது. வளரும் மூளை தனக்குக் கிடைத்த பாதையைக்கொண்டே தொழில் நடத்தக் கற்றுக்கொள்ளுகின்றது.

ஆயினும் வைத்தியர் இதனை அறியாதிருத்தல் ஆகாது. 2011ஆம் ஆண்டிலே சிங்கப்பூரிலிருந்து ஒரு செய்தி வெளியாயிற்று. இந் நோயுள்ள ஒருவருக்குப் பாரிசவாதம் வந்தது. மூளையின் எந்தப் பக்கத்தில் அடைப்போ அந்தப் பக்கத்துக் கைகால்களே தளர்ந்தன. பாடநூலின்படி மறுபக்கத்திலே காரணத்தைத் தேடுபவர் ஏமாந்துபோவார். முதுகை நிமிர்த்தும் சத்திரசிகிச்சையிலும் இவ்வாறே. முண்ணாணுக்கு ஊறு நேராதிருக்கின்றதா என்றறிய, தலையின் ஒரு பக்கத்திலே மின்தூண்டுதல் கொடுத்து மறுபக்கத்துக் காலிலே மறுமொழி வருகின்றதா என்று பார்ப்பது வழக்கம். இவர்களுக்கு அம் மறுமொழி அதே பக்கத்துக் காலிலே வரும். சத்திரசிகிச்சைக்கு முன்னே மூளைப்படம் எடுத்துப் பார்த்திருந்தால் இதை எதிர்பார்த்து ஆயத்தமாகலாம். ஆகவே அந்தப் படம் அறிவுப் பசிக்கு மாத்திரம் உணவன்று. ஒரு பிள்ளையின் கால்களைக் காக்கும் காவலும் ஆகும்.

பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

கைக்குழந்தைக்கு முன்னே கிலுகிலுப்பையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். நாலைந்து மாதமான பிள்ளை கண்ணை ஓட்டி அதைப் பின்தொடரவேண்டும். மேலும் கீழும் தொடர்ந்து, பக்கத்துக்கு மாத்திரம் தொடராவிட்டால், அல்லது எப்போதும் தலையைத் திருப்பியே பார்த்தால், கண் வைத்தியரிடம் காட்டவேண்டும். கண்ணசைவுக் குறைகள் பலவகை. எல்லாம் இந் நோய் ஆகா. எதுவென்று சொல்லவேண்டியவர் வைத்தியரே. கண்கள் பக்கத்தே திரும்பவில்லை என்று உறுதியானால் அன்றே முதுகையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணின் குறை பிறந்த நாள் தொட்டு உள்ளது. முதுகின் வளைவு பின்னர் வருவது. முன்னதைக் கண்டவர் பின்னதற்குக் காவல் வைக்கலாம்.

முதுகைப் பார்ப்பது எளிது. பிள்ளையைக் குளிக்கவார்க்கும்போது, இரண்டு தோள்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கைகளைக் கூப்பினாற்போல் சேர்த்துத் தொங்கவிட்டு, முழங்கால் மடியாமல் முன்னே குனியச் செய்து பின்னாலிருந்து நோக்குங்கள். ஒரு பக்கத்து முதுகு மற்றதினும் உயர்ந்து தோன்றினால் எக்ஸ்றே படம் வேண்டும். வளைவு பத்துப் பாகையைத் தாண்டினால் அது கவனிக்கத்தக்கது என்பது வைத்தியர் கணக்கு. வேறு காரணங்களால் வரும் முதுகு வளைவைப் பட்டை கட்டி நிறுத்திவைப்பதுண்டு. இந் நோயிலோ பட்டைக்கு அடங்காமல் வளைவு கூடிச் செல்வதே பெரும்பான்மை. பலருக்குச் சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். மிகவும் வளைந்த முதுகு நெஞ்சறையை நெருக்கி மூச்சுக்கும் இடையூறாகும். ஆகையினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, தக்க பருவம் தவறாமற் செய்விப்பதே பெற்றோர் கடன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியத் தொழிலில் உள்ளவன் ஆதலால் உரிமையோடு சொல்லுகின்றேன். புத்தகத்தின் வரி நெடுகத் தலையை ஆட்டி ஆட்டி வாசிக்கும் பிள்ளையை, "தலையை ஆட்டாதே" என்று அதட்டுவது நம் வழக்கம். பக்கத்தில் நின்று பேசுபவரைப் பார்க்கவில்லையென்றால் மரியாதை இல்லாத பிள்ளை என்கின்றோம். முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தால் பராக்குப் பார்க்கின்றது என்கின்றோம். அந்தத் தலையாட்டமே அப் பிள்ளையின் கண்ணசைவு. அதைத் தடுப்பது வாசிப்பைத் தடுப்பதாகும். அப்படிப்பட்ட பிள்ளையை வகுப்பின் நடுவே, கரும்பலகைக்கு நேரே இருத்துங்கள். தெருவைக் கடக்கும்போது இரு பக்கமும் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்துக் கடக்கப் பழக்குங்கள். இவை பணம் செலவாகாத உதவிகள்.

பழி யாருக்கு?

கடைசியாக, வீட்டுக்குள்ளே பேசப்படும் ஒரு விடயம். இப்படிப்பட்ட பிள்ளை பிறந்தால் நம்மவர் முதலிற் பார்ப்பது தாயையே. கிரகணம் பார்த்தாள் என்பர், நாவூறு என்பர், சாதகத்தைத் தூக்கிக்கொண்டு போவர், அவளுடைய வழியிலே யாருக்குக் கூன் இருந்தது என்று மூன்று தலைமுறையை ஆராய்வர். விஞ்ஞானம் சொல்லுவது வேறு. இந் நோய் வருவதற்குப் பழுதுற்ற பரம்பரையலகு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு சேரவேண்டும். ஒன்று மாத்திரம் உடையவருக்கு நோய் இல்லை. தமக்கு அது உண்டென்று தெரியவும் தெரியாது. பங்கு இருவருக்கும் சமம். பிழை இருவருக்கும் இல்லை. அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. முதற் பிள்ளைக்கு வந்துவிட்டதனால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடுவதும் தவறு.

மச்சான் மச்சாள் கலியாணம் நம் நாட்டிலே நெடுங்கால வழக்கு. உரிமை கெடக்கூடாது, காணி வெளியே போகக்கூடாது, தெரிந்த இடத்திலே பிள்ளையைக் கொடுக்கவேண்டும் என்னும் நியாயங்கள் அதற்கு உண்டு. அந் நியாயங்களை நான் எள்ளவில்லை. ஆனால் ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் மணந்தால், ஒரே பழுது இருவரிடத்தும் இருக்கக்கூடிய வாய்ப்பு அயலாரை மணப்பதிலும் அதிகம். எந்தத் தம்பதியருக்கும் பிறவிக் குறையுள்ள பிள்ளை பிறக்க நூற்றில் இரண்டு மூன்று இடமுண்டு. முதல் மச்சான் மச்சாளுக்கு அது ஏறத்தாழ இன்னும் இரண்டு மூன்று கூடுகின்றது. பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன என்பதும் இதனால் விளங்கும். ஆயினும் குடும்பத்திலே ஒரு பிள்ளைக்கு இந் நோய் இருக்கக் கண்டபின், அதே குடும்பத்துக்குள் அடுத்த சம்பந்தம் பேசுமுன் வைத்திய ஆலோசனை கேட்பது விவேகம். பொருத்தம் பார்க்கச் சாதகத்தை விரிக்கும் கைகள் குடும்பத்து நோய்க் குறிப்பையும் ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும்.

மூளைப்படம் பிளவை மூடுவதில்லை. கடக்காத நரம்பைக் கடக்கச் செய்வதும் இல்லை. அது செய்வது, நோய் எங்கே இருக்கின்றது என்று சுட்டிக் காட்டுவது. சுட்டிய இடத்திலே தாயின் பாவமும் இல்லை. பிள்ளையின் பிடிவாதமும் இல்லை. தாய் வயிற்றிலே கருவாயிருந்த காலத்தில், கடக்கவேண்டிய சில நரம்பிழைகள் கடக்கவில்லை, அவ்வளவே. இதை அறிந்த வீட்டிலே தாய் தலைகுனியவேண்டியதில்லை. அப் பிள்ளையின் முதுகு தக்க காலத்திலே நிமிர்த்தப்படுமானால், அதுவும் தலை நிமிர்ந்து, தான் பார்க்க வேண்டியதை முகம் திருப்பி நேராகவே பார்த்துக்கொள்ளும்.